கேளுங்க டீச்சர்: அந்தச் சேலமும் நம்ம சேலமும்

போன இதழில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்ததைச் சொல்லி, அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவள் நான், இந்த மாதிரிக் கேள்விகள் வந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து இந்த முறை முழுப் பகுதியையும் அந்த மாநிலத்துக்கே கொடுத்துவிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் சேலத்துக்கு நம்ம ஊர்ப் பெயரைத்தான் வைத்தார்களாமே, என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா டீச்சர்?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

இல்லை தம்பி. ஓசை ஒன்று, வேர் வேறு. நாம்கீக் என்று பூர்வகுடிகள் அழைத்த ஒரு கடற்கரையில் 1626இல் ரோஜர் கோனன்ட் என்பவரோடு சில ஆங்கிலேயர்கள் வந்து குடியேறினார்கள். 1629இல் அந்த இடத்துக்கு சேலம் என்று பெயர் மாற்றினார்கள். எபிரேய மொழியில் ஷாலோம் என்றால் அமைதி, எருசலேம் என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பதும் அதுதான். நம்ம ஊர்ப் பெயருக்கு மலை என்று பொருள்படும் சைலத்தையும் சொல்கிறார்கள், சேர நாட்டோடு சேர்த்துச் சேரலத்தையும் சொல்கிறார்கள். எனக்குச் சைலம்தான் பிடித்தது, சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது. ஓரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர், அது மேற்குக் கோடியில் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மலைப் பெயர் அங்கேயும் உண்டு, ஊருக்கு இல்லை, மாநிலத்துக்கு! மாசசூசெட் என்பது ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர், 'பெரிய மலையருகே' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மலை பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் கிரேட் புளூ ஹில். உயரம் 193 மீட்டர். நம்ம சேலம் ஊரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது அந்த மலையின் உச்சி நம்ம பழைய பஸ் ஸ்டாண்டைவிடத் தாழ்வு. அப்படியானால் அது பெரிய மலை இல்லையா என்றால், பெரிய மலைதான். கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு, படகில் மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, கரையில் உயரமாகத் தெரிவது அதுதானே. 1885இலிருந்து அதன் உச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருக்கிறது, இன்றைக்கும் வேலை செய்கிறது.

நாங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். எங்கள் மலை மாதிரி அங்கே உண்டா? மாநிலம் எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, ஏற்காடு

உங்கள் மலை உயரத்துக்கு அங்கே மலை கிடையாது அம்மா. மாநிலத்திலேயே உயரமான மவுண்ட் கிரேலாக் 1,063 மீட்டர். நீங்கள் ஏற்காட்டில் வாசல் தெளிக்கிற இடமே அதைவிட உயரம்.

மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பயணமாக நினைத்துப் பாருங்கள். மொத்தம் முந்நூறு கிலோமீட்டர்தான், சேலத்திலிருந்து சென்னை போகிற தூரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பரப்பளவு, நீர்ப்பரப்பையும் சேர்த்து, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள் எழுபது லட்சம். மேற்கே பெர்க்‌ஷயர் என்கிற மலைப்பகுதி, கிரேலாக் இருப்பது அங்கேதான். செப்டம்பர் கடைசியிலிருந்து மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பிக்கும், அக்டோபரில் மலை முழுக்கக் குங்குமம் கொட்டிய மாதிரி இருக்கும். அங்கிருந்து இறங்கினால் கனெக்டிகட் ஆற்றுச் சமவெளி, நல்ல வண்டல் மண். அந்தச் சமவெளிச் செம்பாறைகளில் டைனோசர் காலடித் தடங்கள் பதிந்து கிடக்கின்றன, 1802இல் ஒரு விவசாயி வீட்டுப் பையன் ஏர் உழும்போது கண்டெடுத்ததுதான் தொடக்கம். பக்கத்திலேயே ஸ்பிரிங்ஃபீல்டு நகரம், 1891இல் கூடைப்பந்து பிறந்த ஊர். அதற்கு அடுத்த ஹோலியோக்கில் 1895இல் கைப்பந்து. நம் பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் விளையாடும் இரண்டு ஆட்டங்களும் ஒரே ஆற்றங்கரையில் பிறந்தவை என்று தெரிந்தபோது, இதை வகுப்பில் சொல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டேனே என்று இருந்தது.

அப்புறம் நடுவே மேடும் பள்ளமுமான காட்டு நிலம், அங்கே வூஸ்டர் நகரம். எழுதுவது வொர்செஸ்டர் மாதிரி இருக்கும், சொல்வது வூஸ்டர். அதைத் தாண்டினால் பாஸ்டன், கடல்.

வரைபடத்தில் அந்த மாநிலத்தின் கிழக்கு ஓரம் ஒருவர் கையை மடக்கிக் காட்டுவது போல இருக்கிறதே, ஏன்?
– எட்டாம் வகுப்பு மாணவி, எடப்பாடி

அது கேப் காட் கண்ணு. இருபதாயிரம் வருடங்களுக்கு முன்னால் அங்கே நிலத்தை மூடியிருந்த பெரிய பனிப்படலம் தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் மணலும் கூழாங்கல்லும், பனி உருகியபோது அங்கேயே தங்கிவிட்டன. அந்தக் குவியல்தான் அந்தக் கை. பக்கத்தில் இருக்கும் நான்டக்கெட், மார்த்தாஸ் வின்யார்டு தீவுகளும் அப்படி வந்தவையே. பாறை இல்லாத மணல் என்பதால் கடல் அதை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. 1996இல் ஹைலேண்ட் கலங்கரை விளக்கத்தையே அப்படியே நகர்த்தி, 450 அடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

எங்கள் தாத்தாவின் ஊர் மேட்டூர் அணைக்குள் போய்விட்டது. அணையில் தண்ணீர் குறைந்தால் பண்ணவாடியில் நந்தி தெரியும், பழைய தேவாலயக் கோபுரம் தெரியும், அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். அமெரிக்காவிலும் இப்படி ஊர்களை மூழ்கடித்தது உண்டா?
– வாசகர், கொளத்தூர்

உண்டு ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறு எந்தக் கடிதமும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் அங்கே பார்த்த இடங்களில் மனதை விட்டுப் போகாதது அதுதான்.

குவாபின் நீர்த்தேக்கம் என்று பெயர். பாஸ்டன் நகரத்துக்குக் குடிதண்ணீர் போதவில்லை. நூறு கிலோமீட்டர் மேற்கே ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டானா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்று நாலு ஊர்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது இல்லையா, அதே வருடங்களில்தான் அங்கேயும் வீடு வீடாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர். 1938 ஏப்ரல் 28ஆம் தேதி அந்த நாலு ஊர்களும் சட்டப்படி இல்லாமல் போயின. அதற்கு முந்தைய இரவு என்ஃபீல்டு ஊர் மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பிரிவு விருந்து வைத்தார்கள், பாட்டு, நடனம் எல்லாம் இருந்தது, நள்ளிரவு மணி அடித்ததும் ஊர் முடிந்தது. சாவு வீட்டில் கூட இப்படி மணி பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கட்டடங்களை விட்டுவைக்கவில்லை. இடித்தார்கள், சிலவற்றைப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள், மரங்களை வெட்டினார்கள், சுமார் 7,500 கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்தார்கள். குடிதண்ணீர் ஆயிற்றே. அதனால் தண்ணீர் குறைந்தாலும் உங்கள் பண்ணவாடி நந்தி மாதிரி எதுவும் அங்கே தலை காட்டாது. 1946இல் நீர்த்தேக்கம் நிரம்பியது, பழைய குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக நிற்கின்றன, பழைய சாலைகள் நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்குகின்றன. டானா ஊரின் நடுப்பகுதி மட்டும் மேட்டில் இருந்ததால் தண்ணீருக்கு வெளியே தப்பியது, அங்கே நடந்து போகலாம், வீடுகள் இல்லை, வீடு இருந்த இடத்தில் அஸ்திவாரக் குழிகள் புல் மூடிக் கிடக்கின்றன. நான் ஒரு குழியின் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றேன். மகள் வந்து கையைப் பிடித்தாள். பாஸ்டனில் இன்றைக்குக் குழாயைத் திறந்தால் வருவது அந்த ஊர்களின் தண்ணீர், வடிகட்டக்கூடத் தேவையில்லாத சுத்தம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் டெல்டா விவசாயி மடையைத் திறக்கும்போதும் உங்கள் தாத்தா ஊர் அதில் இருக்கிறது ஐயா. தாத்தாவுக்குத் தெரிந்த வீட்டுப் பெயர்கள், தெருப் பெயர்கள் எதுவாவது நினைவிருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தயவுசெய்து.

அந்தச் சேலம் சூனியக்காரிகளின் ஊர் என்று யூடியூபில் பார்த்தேன். பேய் வீடெல்லாம் இருக்கிறதாமே, நீங்கள் போனீர்களா டீச்சர்?
– வாசகி, கிச்சிப்பாளையம்

போனேன் அம்மா. அக்டோபரில் போனதால் கூம்புத் தொப்பி போட்ட கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

அங்கே சூனியக்காரிகள் யாரும் இருந்ததில்லை. 1692இல் சேலம் கிராமத்துப் பாதிரியார் வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேருக்கு வலிப்பு மாதிரி ஏதோ வந்தது, சூனியம் வைத்தது யார் என்று தேட ஆரம்பித்தார்கள். முதலில் மாட்டியது யார் என்று பாருங்கள்: டிட்டூபா என்கிற அடிமைப் பெண், சாரா குட் என்கிற பிச்சையெடுத்துப் பிழைத்த பெண், சாரா ஆஸ்பர்ன் என்கிற நோயாளி. கேட்க நாதியில்லாதவர்கள். சாரா குட்டின் நாலைந்து வயது மகளைக்கூடச் சங்கிலி போட்டுச் சிறையில் வைத்தார்கள். 'இவளுடைய உருவம் வந்து என்னைக் கிள்ளுகிறது' என்று ஒருவர் சொன்னால் அதுவே நீதிமன்றத்தில் சாட்சி. 71 வயது ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்று ஜூரிகள் முதலில் தீர்ப்புச் சொன்னார்கள், மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பி, குற்றவாளி என்று சொல்ல வைத்துத் தூக்கில் போட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில், அதில் 14 பேர் பெண்கள். ஜைல்ஸ் கோரி என்கிற கிழவர் வாயைத் திறக்க மறுத்ததால் அவர் மேல் கல்லை அடுக்கிக் கொன்றார்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இது: 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவர்கள்தான் செத்தார்கள்.

ஊருக்குள் 1992இல் கட்டிய ஒரு நினைவிடம் இருக்கிறது. கல் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் கல் இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த தேதி. சிலர் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே மட்டும் போங்கள், பேய் வீட்டுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பழி முதலில் கிளம்பிய அந்தச் சேலம் கிராமம் இன்றைக்கு டான்வர்ஸ் என்று வேறு பெயரில் தனி ஊராக இருக்கிறது. தண்டிக்கப்பட்டவர்களில் எலிசபெத் ஜான்சன் என்கிற பெண்ணின் பெயர் மட்டும் விடுபட்டுப் போய், பழி நீங்காமலேயே இருந்தது, நார்த் ஆண்டோவர் என்ற ஊரில் ஓர் ஆசிரியையும் அவருடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் விடாமல் மனுப் போட்டு, 2022இல் மாநில சட்டமன்றத்தின் மூலம் அவர் பெயரைச் சுத்தம் செய்தார்கள். முந்நூற்று முப்பது வருடம் கழித்து! நம் பக்கத்திலும் ஒரு பெண்ணைச் சூனியம் வைத்தாள் என்று சொல்கிற வாய்கள் இன்னும் இருக்கின்றன, அப்படிக் காதில் விழுந்தால் சும்மா இருக்காதீர்கள் அம்மா.

மிளகு வியாபாரத்துக்கும் அந்தச் சேலத்துக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். நம் தமிழ்நாட்டோடு ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருந்ததா?
– மிளகு மொத்த வியாபாரி, லீ பஜார்

இருந்தது ஐயா. மிளகு முதலில். 1797இல் ராஜா என்ற பெயருள்ள கப்பல் சுமத்ராவிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு சேலம் துறைமுகத்துக்கு வந்தது, அதிலிருந்து அந்த ஊர்க் கையில் பணம் புரண்டது. அதற்கு முந்தைய வருடம் அந்த ஊர்க் கப்பல் தலைவர் ஒருவர் கல்கத்தாவிலிருந்து ஒரு யானையைக் கொண்டுபோய் நியூயார்க்கில் இறக்கினார், அமெரிக்கா பார்த்த முதல் யானை. 1799இல் கப்பல் தலைவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள், அவர்கள் கொண்டுவந்து சேர்த்த கீழைநாட்டுப் பொருள்களிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம். டெர்பி கப்பல் துறை இன்னும் கடலுக்குள் அரை மைல் நீண்டு கிடக்கிறது, கப்பல்தான் இல்லை, காற்று மட்டும்.

இப்போது மதராசுக்கு வருகிறேன். 1687 முதல் 1692 வரை மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில். அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன், 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயராக இருந்தவரும் அவர்தான். அவருடைய அப்பா அந்தச் சேலம் நகரத்தின் பாதிரியார். 1692 ஜூனில் ஹிக்கின்சனின் தங்கை ஆன் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டார், உயிர் தப்பியது பெரிய விஷயம். அதே வருடம் அக்டோபரில் அண்ணன் இங்கே கோட்டையில் கவர்னர் ஆகிறார். கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும் காலம். தங்கையின் சேதி அவர் காதுக்கு எப்போது வந்திருக்கும் என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

அப்புறம் பனிக்கட்டி. மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் பொதித்து, பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்கிற வியாபாரி நாலு மாதக் கடல் பயணத்தில் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். உருகியது போக பாதிக்கு மேல் வந்து சேர்ந்தது. மதராசில் அதை வைக்கக் கடற்கரையில் 1842இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1893 ஆகஸ்ட் கடைசியில், சிகாகோ மாநாட்டில் பேசுவதற்கு முன்னால், அந்தச் சேலத்தில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கி அங்கே பேசவும் செய்தார். 1897இல் திரும்பி வந்தபோது ஒன்பது நாள் தங்கியது இதே ஐஸ் ஹவுசில். அதனால்தான் இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அமெரிக்க சுதந்திரப் போரில் ஒரு வெள்ளி ஆசாரி பெரிய வேலை செய்தார் என்று மகன் பாடப் புத்தகத்தில் படித்தேன்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பால் ரிவியர். பாஸ்டனில் அவருடைய மரவீடு இன்னும் இருக்கிறது, 1680 வாக்கில் கட்டியது. ராஜாவின் கட்டளைக்குப் பணிய மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினர்களைப் போற்றி 1768இல் அவர் அடித்துக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது, உங்கள் கண் அதை என் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும். 1775 ஏப்ரல் 18 இரவு குதிரை ஏறி, ஆங்கிலேயப் படை வருகிறது என்று ஊர் ஊராக எச்சரித்தவர் அவர். மறுநாள் காலை லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் சண்டை வெடித்தது. பாஸ்டனில் தரையில் பதித்த சிவப்புக் கோட்டின் வழியே நாலு கிலோமீட்டர் நடந்தால் இந்தக் கதையின் 16 இடங்களையும் பார்த்துவிடலாம்.

சண்டைக்குப் பதினாறு மாதம் முன்னால், 1773 டிசம்பர் 16 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 பெட்டித் தேயிலையை பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டினார்கள். அந்தப் போரின் முடிவில் 1781இல் அமெரிக்கர்களிடம் தோற்றுச் சரணடைந்த தளபதி கார்ன்வாலிஸ். அதே கார்ன்வாலிஸ் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானிடமிருந்து 1792 உடன்படிக்கையில் சேலம் பகுதியைக் கம்பெனிக்கு வாங்கினார். அங்கே விட்டதை இங்கே பிடித்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

தறி ஓடுகிற ஊர் அங்கே உண்டா டீச்சரம்மா?
– நெசவாளர், அம்மாபேட்டை

லோவல் என்ற ஊர். மெரிமாக் ஆற்றின் அருவி கிட்டத்தட்ட பத்து மீட்டர் விழுகிறது, அந்த வேகத்தைக் கால்வாய் வெட்டித் திருப்பி, 1820களிலிருந்து விசைத்தறி ஓட்டினார்கள். ஓட்டியவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண் பிள்ளைகள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். கூலியைக் குறைத்தபோது 1834இலும் வாடகையை ஏற்றியபோது 1836இலும் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள், அந்தக் காலத்தில்! பருத்தி வந்தது தெற்கே அடிமைகள் எடுத்த வயல்களிலிருந்து, அதையும் அங்கே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பூட் மில் அருங்காட்சியகத்தில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். உள்ளே கால் வைத்ததும் அந்தச் சத்தம், கண்ணை மூடினால் அம்மாபேட்டைதான் ஐயா.

பிளிமத் பாறையைப் பார்த்தே ஆக வேண்டுமா? அக்டோபரில் பையனைப் பார்க்க பாஸ்டன் போகிறோம், எனக்கும் வீட்டுக்காரருக்கும் முழங்கால் வலி.
– வாசகி, குகை

பாறைக்காக மட்டும் போக வேண்டாம் அம்மா, சின்னக் கல், 1620 என்று செதுக்கியிருக்கும். ஆனால் அந்த வருடம் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து குடியேற வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள், மிச்சம் பேர் பிழைத்தது வாம்பனோக் பூர்வகுடிகள் விதைக்கவும் பிடிக்கவும் கற்றுக் கொடுத்ததால். அந்தப் பூர்வகுடிகள் பின்னால் பட்ட பாடு பெரும் பாடு. அமெரிக்கா நன்றி நாள் கொண்டாடும்போது, 1970இலிருந்து அந்த மக்கள் பிளிமத்தில் அதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊர் வேறு மாதிரி தெரியும்.

முழங்கால் வலிக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். பாஸ்டன் சிவப்புக் கோட்டு வழியை ஒரே நாளில் நடக்காதீர்கள், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கு நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், ஆனால் அக்டோபரில் சனி ஞாயிறு வேண்டாம், செவ்வாய், புதன் காலையில் போங்கள். குவாபின் அணைக்குப் பையனைக் காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே தண்ணீர் முழுக்கத் தெரியும். கிரேலாக் உச்சிக்கும் கார் போகும், பனி விழுவதற்குள் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நல்ல கனமான ஸ்வெட்டராக எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டுக்குப் போட்டுக்கொண்டு போவது அங்கே போதாது.